சுவரொட்டியில் தம்பி

ஞானதிரவியத்துக்குப் பேச்சு போகவில்லை, கையும் போகவில்லை. போனது வாசிப்பு மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் ஓரளவு தெளிந்து எழுந்து உட்கார்ந்ததும் மகள் பியூலா அன்றைய செய்தித்தாளைக் கையில் கொடுத்தாள். பாளையங்கோட்டையில் பாதி ஆயுளை மருந்துக் கடையில் கழித்தவர் அவர். எந்த டாக்டரின் கிறுக்கலையும் நின்ற இடத்தில் வாசித்துவிடுவார். இப்போது தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன பேப்பர்? மலையாளமா?" என்று கேட்டார்.

பியூலா சிரித்தாள். அப்பா வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்தாள். ஞானதிரவியம் சிரிக்கவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மூளையில் எழுத்தை அடையாளம் காண்கிற இடத்துக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார். கண்ணில் கோளாறு இல்லை. ஆள் தெரியும், நிறம் தெரியும், படம் தெரியும். எழுதக்கூட வரும். அதன்படியே ஞானதிரவியம் ஒரு துண்டுத் தாளில் தன் பெயரை முத்து முத்தாக எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடுவதற்குள் அது என்னவென்று அவருக்கே தெரியாமல் போனது. வாசிப்பு திரும்பி வருமா என்பதைக் காலம்தான் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். பிறகு பியூலாவை மட்டும் வெளியே அழைத்துப் போய், இரத்த அழுத்தம் இன்னும் கட்டுக்கு வரவில்லை, இந்த நேரத்தில் மனசு அதிர்கிற மாதிரி எதுவும் காதில் விழக்கூடாது, மூளையில் இன்னொரு தடவை அடைப்பு வந்தால் நான் பொறுப்பில்லை என்று எச்சரித்தார்.

வாசிப்புக் கண்ணாடிகள் அப்போதுதான் ஊருக்குள் பரவ ஆரம்பித்திருந்தன. பார்ப்பதற்குச் சாதாரண மூக்குக் கண்ணாடி. காம்பில் ஒரு கடுகு அளவு கேமரா, காதோரம் ஒரு சின்ன ஒலிபெருக்கி. எதிரே எழுத்து எங்கே இருந்தாலும் படம் பிடித்து வாசித்துச் சொல்லிவிடும். கம்பெனியிலிருந்து அதைப் பொருத்திவிட வந்த இளைஞன் நல்ல பேச்சுக்காரன்.

"படமா இருக்கிற வரைக்கும் எழுத்து கல்லுல செதுக்கின மாதிரி சார், தொட முடியாது. இது அந்தப் படத்துலேருந்து எழுத்தை உருவி எடுத்துரும். எடுத்தாச்சுன்னா அப்புறம் அது நம்ம சொன்னபடி கேக்கும். பெருசாக்கலாம், வேற பாஷைக்கு மாத்தலாம், சுருக்கிச் சொல்லச் சொல்லலாம். என்ன வேணா பண்ணலாம்."

ஞானதிரவியம் மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். காதுக்குள் ஒரு பெண்குரல் மருந்தின் பெயர், அளவு, காலாவதி மாதம் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளாமல், "உச்சரிப்பு பரவால்ல" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு பியூலா அவரைக் கடைப்பக்கம் விடவில்லை, தானே போய்ப் பார்த்துக்கொண்டாள். பார்க்க வருகிறவர்களையும் வாசலிலேயே பேசி அனுப்பினாள். மகாராஜநகர் மாடி வீட்டில் கண்ணாடியும் அவருமாக இருந்தார்கள். வாரம் இரண்டு முறை உடற்பயிற்சி சிகிச்சைக்கு ஆட்டோவில் கூட்டிப் போவாள். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான்.

அப்படி ஒருநாள் சிகிச்சை முடிந்து திரும்பும்போது, சமாதானபுரம் திருப்பத்தில் ஆட்டோ நெரிசலில் நின்றது. எதிர்ச்சுவரில் வரிசையாக ஒரே சுவரொட்டி. அதில் தம்பி ஆசீர்வாதத்தின் முகம். வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, அந்தக் கோணல் சிரிப்பு. கண்ணாடி வாசித்தது.

"மாவட்ட மருந்து வணிகர் சங்கத் தலைவராகத் தேர்வு பெற்ற அண்ணாச்சி ஆசீர்வாதம் அவர்களுக்கு நல்வாழ்த்துகள்."

ஞானதிரவியத்துக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது.

ஒரே கடையில் ஒன்றாக நின்றவர்கள் அண்ணனும் தம்பியும். பல வருஷங்களுக்கு முன்னால் ஞானதிரவியம் அதே சங்கத்தின் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். ஜெயிப்பது உறுதி என்று எல்லோரும் சொன்னார்கள். கூட்டத்தில் ஆசீர்வாதம் எழுந்து, வேறொருவர் பெயரை முன்மொழிந்தான். அதோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். "எங்க அண்ணன் நல்லவன்தான். ஆனா கோவக்காரன். தலைவர் நாற்காலிக்கு ஆகமாட்டான்" என்று மைக்கில் சொன்னான். சபை சிரித்தது. ஞானதிரவியம் தோற்றார். மறுவாரமே கடை இரண்டானது. அன்று நின்ற பேச்சு அப்படியே நின்றுபோனது. மனைவி இறந்தபோது ஆசீர்வாதம் வந்தான். தெருவில் நின்றுவிட்டுப் போனான். இவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"தலைவராயிட்டானாம்ல," என்றார் மகளிடம்.

பியூலா வெளியே பார்த்துக்கொண்டு, ஆமாப்பா என்று மட்டும் சொன்னாள். அவள் குரல் கம்மியிருந்தது. சித்தப்பா பேச்சு எடுத்தாலே அவளுக்குச் சங்கடம்தான் என்பதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து ஞானதிரவியத்துக்குள் ஒரு முறுக்கு ஏறியது. அதுவரை சிகிச்சைக்கு வா என்றால் முகம் சுளிப்பார். இப்போது அவரே சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல் நடந்து பழகினார். அவன் தலைவராகி ஊரெல்லாம் சுவரொட்டியில் சிரிப்பான், நான் இங்கே மூலையில் கிடப்பேனா என்று வாய்க்குள் முனகிக்கொண்டே நடந்தார். சாப்பாடும் கூடியது. பரிசோதனைக்குப் போனபோது அழுத்தம் நன்றாக இறங்கியிருப்பதாக டாக்டர் சந்தோஷப்பட்டார். பியூலா அதைக் கேட்டுவிட்டு ஏன் கைக்குட்டையை எடுத்தாள் என்று அவருக்குப் புரியவில்லை.

ஆனால் கோபமும் எத்தனை நாள்தான் சூடாகவே இருக்கும். நடக்க நடக்க அது தேய்ந்துபோனது. தேய்ந்த இடத்தில் வேறு நினைப்புகள் எட்டிப் பார்த்தன. சின்ன வயதில் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனது. ஞானதிரவியத்துக்கு அம்மை போட்டிருந்தபோது, கிட்டே போகாதே என்று அம்மா அடித்தும் கேட்காமல் கட்டிலுக்கடியில் வந்து படுத்துக்கொண்டு ஆசீர்வாதம் கதை கேட்டது. பிறகு அந்த மைக் பேச்சும் நினைவுக்கு வந்தது. அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே என்று முதன்முறையாகத் தோன்றியது. கோபக்காரன்தானே நான். இல்லாவிட்டால் ஒரு வாக்கியத்துக்காக இத்தனை வருஷம் முகம் திருப்பிக்கொண்டு இருப்பேனா?

போய் வாழ்த்திவிட்டு வரலாம் என்று பியூலாவிடம் சொன்னார். அவள் பதறினாள். இப்போது வேண்டாம், வெயில் என்றாள். அடுத்த வாரம் கேட்டபோது சித்தப்பா ஊரில் இல்லை என்றாள். அதற்கடுத்த வாரம் டாக்டரைக் கேட்க வேண்டும் என்றாள். மகளுக்குத் தம்பிமேல் இன்னும் வருத்தம் போலிருக்கிறது, என் கோபத்தை இவளுக்கும் ஊட்டி வளர்த்துவிட்டேனே என்று அவர் தன்னையே நொந்துகொண்டார்.

ஒரு நாள் காலை, அவள் கடைக்குப் போன பிறகு, தனியாகப் படியிறங்கினார். ஆட்டோ பிடித்து மார்க்கெட்டில் நிறுத்தி, சரிகைக் கரை வைத்த பொன்னாடை ஒன்றும் ஒரு பை நிறைய ஆரஞ்சும் வாங்கினார். தம்பி வீடு முருகன்குறிச்சியில். கதவைத் திறந்தது தம்பி மனைவி ரூத்.

அவரைப் பார்த்ததும் ரூத் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிகவும் இளைத்திருந்தாள்.

"வாங்க அத்தான். பியூலா சொல்லிட்டாளா?" என்றாள்.

அவள் எதைக் கேட்கிறாள் என்பது அவருக்கு விளங்கவில்லை. "அவ எங்க சொல்லுதா. சுவர்லதான் பாத்தேன். நானே வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து பையிலிருந்து பொன்னாடையை எடுத்து மடியில் விரித்தார்.

ரூத்துக்கு முகம் வெளிறியது. "என்ன அத்தான் இது?"

"தலைவராயிருக்கான்லா. அண்ணன் போடாம வேற யாரு போடுவா? கூப்பிடு அவன."

ரூத் சுவரில் கை ஊன்றிக்கொண்டாள். அவள் கண் போன திசையில் அவரும் பார்த்தார். கூடத்துச் சுவரில் ஆசீர்வாதத்தின் பெரிய படம். அதைச் சுற்றிச் சந்தன மாலை. கீழே ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கண்ணாடி படத்துக்குக் கீழே இருந்த எழுத்தை வாசித்தது. "ஆசீர்வாதம். மாவட்ட மருந்து வணிகர் சங்கத் தலைவர். நல்வாழ்த்துகள்."

கண் ஒன்று சொன்னது, காது ஒன்று சொன்னது. அவர் எழுந்து படத்துக்கு அருகில் போனார். குரல் மறுபடியும் அதையே சொன்னது, அதே தெளிவான உச்சரிப்பில். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். எழுத்துகள் பழையபடி வெறும் கோடும் சுழியுமாக நின்றன. என்ன செய்வதென்று தெரியாமல், அறியாத பாஷையைத் தடவிப் பார்ப்பதுபோல ஆட்காட்டி விரலை அந்தக் கோடுகளின்மேல் வைத்தார்.

விரல் ஒரு கோட்டின் வழியே இறங்கியது, வலப்பக்கம் போனது, மேலேறி வளைந்தது. அந்த ஓட்டம் கைக்குப் பழகியதாக இருந்தது. எழுதும்போது கை இப்படித்தான் போகும். "ம" என்றது வாய். அவருக்கே திடுக்கென்றது. அடுத்து ஒரு சங்கிலிக் கொம்பு, அதன் பின்னால் ஒரு ற. திரும்ப ஒருமுறை ஓட்டினார். "றை." கடைசி எழுத்தை விரல் பாதி தாண்டும்போதே சொல் தெரிந்துவிட்டது. இருந்தும் முழுவதும் எழுதி முடித்தார்.

மறைவு.

அதற்குப் பக்கத்தில் இருந்த தேதியையும் விரலால் ஓட்டினார். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த மறுவாரம்.

பொன்னாடை தரையில் விழுந்து கிடந்தது. ரூத் ஓடி வந்து அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள், பியூலாவுக்குப் போன் பண்ணினாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சு அடைத்தது, மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். உடம்பு தாங்கிக்கொண்டுவிட்டதே என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ஈரலில் கட்டி வந்ததையும், கண்டுபிடித்தபோதே முற்றியிருந்ததையும் ரூத் மெதுவாகச் சொன்னாள். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாகப் பியூலா வந்து கேட்டுக்கொண்டாள், அதனால் வாயை மூடிக்கொண்டோம், இந்தத் தலைவர் சமாச்சாரம் எனக்குத் தெரியாது அத்தான் என்றாள்.

பியூலா கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுதாள். ஞானதிரவியம் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு பிடி மண்ணு போட விடலையே நீ என்னைய," என்றார்.

அவள் வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள்.  கடைசியில் சொல்லிவிட்டாள்.

ஞானதிரவியத்துக்கு வாசிப்பு போனது தெரிந்த பிறகு, அவர் தூங்கிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி ஆசீர்வாதம் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறான். அண்ணனின் கட்டிலருகே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். தனக்கு நாள் குறித்தாகிவிட்டது என்பது அப்போதே அவனுக்குத் தெரியும். பியூலாவை வராந்தாவுக்குக் கூட்டிப் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். சங்கத்தில் சுவரொட்டி ஒட்டாமல் விடமாட்டார்கள், அப்பா கண்ணில் படாமல் இருக்காது, என்ன செய்வது என்று அவள் அழுதிருக்கிறாள். அப்பாவுக்கு வாசிப்புக் கண்ணாடி வாங்கப் போவதை அவள் சொன்னதும்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. நோயாளியின் நலனுக்காக என்று சொன்னால், இன்ன பெயரோடு இன்ன செய்தி வந்தால் அதற்குப் பதிலாக இதை வாசி என்று வீட்டார் மாற்றி வைக்கலாம். கம்பெனியே அந்த வசதியைக் கொடுத்திருந்தது.

"செய்தி எதுவும் வேண்டாம், உங்க பேரையே விட்டுட்டு வாசிக்கச் சொல்லிரட்டுமா சித்தப்பான்னு கேட்டேம்ப்பா. அவியதான் வேண்டாம்னாவ. படத்தைப் பாத்துட்டு அண்ணன் சும்மா விடமாட்டான், துருவுவான்னாவ. 'நான் தலைவராயிட்டேன்னு வாசிக்கச் சொல்லு. கேட்டதும் அவனுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். கோவம் இருந்தா அண்ணன் எந்திரிச்சு நடந்துருவான், எனக்குத் தெரியும்'னு சொன்னாவப்பா. சிரிச்சுக்கிட்டே சொன்னாவ. அந்த வாக்கியத்தைக்கூட அவியதான் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிட்டேன்."

ரூத் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.  மொட்டைமாடியில் முனகிக்கொண்டே நடந்த நாள்களெல்லாம் ஞானதிரவியத்தின் கண்முன்னே வந்தன. அவன் நினைத்தபடியேதான் நடந்திருந்தது.

"கோவத்துல நடப்பேன்னு தெரிஞ்சுது அவனுக்கு. நடந்து அவன் வீட்டுக்கே வருவேன்னு தெரியலை," என்றார். சொல்லிவிட்டு அழுதார். பியூலா அவர் முழங்காலில் தலை வைத்திருந்தாள். அவர் அவளைத் தள்ளிவிடவும் இல்லை, தொடவும் இல்லை.

அன்று மாலையே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். மண்மேடு தணிந்து புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. ஒரு மரச்சிலுவை மட்டும் நட்டிருந்தார்கள். ஞானதிரவியம் குனிந்து பக்கத்து மண்ணில் ஒரு பிடி அள்ளி மேட்டின்மேல் போட்டார். காலம் தப்பிப் போட்ட மண் என்பது தெரிந்தும் போட்டார்.

வீடு திரும்பியதும் பியூலா கண்ணாடியை வாங்கி, மாற்றி வைத்திருந்ததை அவர் எதிரிலேயே அழித்தாள். இனி உள்ளதை உள்ளபடி வாசிக்கும் என்றாள். அவர் தலையாட்டினார். ஆனாலும் அதை மாட்டிக்கொள்ள மனம் வரவில்லை. சில நாள் மேசையில் கிடந்தது. கடைக்குப் போக ஆரம்பித்த பிறகு, மருந்து மாறிப்போய்விடக் கூடாதே என்று வேறு வழியின்றி மாட்டிக்கொண்டார். அது எதை வாசித்தாலும், பக்கத்தில் நிற்கிற கடைப் பையனிடம் ஒருமுறை சரிதானா என்று கேட்டார். மகளோடும் அளவாகத்தான் பேசினார். சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார். நல்லது நினைத்துச் செய்தவள்தான் என்று மனம் சொன்னது. அந்த மண் மட்டும் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை.

கல்லறைக்குக் கல் வைப்பதென்று முடிவானபோது ரூத் அவரைத் தேடி வந்தாள். கல் வேலைக்காரர் வாசகம் கேட்கிறார், மூத்தவர் நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள். அவர் ஒரு வெள்ளைத் தாளை வாங்கி, மேசையில் குனிந்து, நிறுத்தி நிதானமாக எழுதினார். எழுத எழுத ஒவ்வொரு வரியும் அவருக்குப் பின்னால் மறைந்துகொண்டே வந்தது. முடித்துப் பேனாவை மூடினார். கண்ணாடிக்குக் கை போனது. பிறகு என்ன நினைத்தாரோ, தாளை மகளிடம் நீட்டினார்.

"நீ வாசி. எதையும் விடாத, சேக்காத."

பியூலா தாளை இரண்டு கையாலும் வாங்கி நிமிர்ந்து நின்றாள். தம்பியின் பெயரை வாசித்தாள், தோற்றம் மறைவு வாசித்தாள், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்ற வரியை வாசித்தாள். அடுத்த வரியில் நின்றாள்.

"மாவட்ட மருந்து வணிகர் சங்கத் தலைவர்னு எழுதியிருக்கியப்பா," என்றாள் தயங்கி.

"தெரியும்."

"சித்தப்பா தலைவரா இருக்கலையேப்பா."

"ஊருக்கு இருக்கல. எனக்கு இருந்தான், ஒரு ரெண்டு மாசம். நல்லாத்தான் இருந்துது." கண்களைத் துடைத்துக்கொண்டார். "கல்லுல பொய் வேண்டாம். அதை மட்டும் அடிச்சிரு."

பியூலா பேனாவை எடுத்து மேசையோரம் குனிந்தாள். நேராக ஒரு கோடு இழுப்பதை ஞானதிரவியம் பார்த்தார். கோடு எந்த எழுத்துகளின்மேல் விழுந்தது என்பது அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடி எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. விரலால் தடவிப் பார்க்கவும் அவருக்கு வரும்.

அவர் தாளை அப்படியே மடித்து ரூத்திடம் கொடுத்தார். பிறகு மகளிடம், பசிக்கிறது, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டார்.